ஹாரனுக்கும் வர்க்கம் தெரியும்

தலைநகர் தில்லியின் எந்தச் சிக்னலிலும் அன்றாடம் காணக்கூடிய காட்சி இது. பச்சை விளக்கு எரிகிறது. முன்வரிசையில் நிற்கும் இ-ரிக்‌ஷா கிளம்ப இரண்டு நொடி தாமதமாகிறது. பின்னாலிருந்து பத்து ஹாரன்கள் ஒரே நேரத்தில் அலறுகின்றன. ஒருவர் கண்ணாடியை இறக்கி, அந்த ஓட்டுநரின் தாயையும் தமக்கையையும் இழுத்துத் திட்டிவிட்டுப் போகிறார். சற்று நேரம் கழித்து, அதே இடத்தில் ஒரு பெரிய வெள்ளை எஸ்யூவி நிற்கிறது. உள்ளிருப்பவர் கைப்பேசியில் பேசிக்கொண்டிருக்கிறார். பச்சை விளக்கு எரிந்து பத்து நொடி ஆகியும் வண்டி நகரவில்லை. ஹாரன் ஒலிக்கவில்லை. பின்னால் நிற்பவர்கள் பக்கவாட்டில் வளைந்து, ஓசையின்றி ஒதுங்கிச் செல்கிறார்கள்.

இரண்டு நொடித் தாமதத்துக்கு வசை. பத்து நொடித் தாமதத்துக்கு மௌனம். தவறு ஒன்றுதான், சாலையும் ஒன்றுதான், சட்டமும் ஒன்றுதான். மாறியது வண்டி மட்டுமே. இதைப் “போக்குவரத்துப் பண்பாடு” என்றும், “இந்தியர்களுக்குப் பொறுமை இல்லை” என்றும் முதலாளித்துவப் பத்திரிகைகள் உபதேசம் செய்கின்றன. பொறுமை இல்லாதவர்கள் எஸ்யூவிக்குப் பின்னால் நிற்கும்போது மட்டும் எவ்வாறு பொறுமைசாலிகளாக ஆகிவிடுகிறார்கள் என்ற கேள்வியை அவை எழுப்புவதில்லை.

இது இந்தியாவுக்கு மட்டும் உரிய நோயும் அல்ல. 1968ஆம் ஆண்டில் வெளியான ஒரு புகழ்பெற்ற ஆய்வில், கலிஃபோர்னியாவைச் சேர்ந்த டூப், கிராஸ் என்ற இரு உளவியலாளர்கள் இதே காட்சியைச் சோதனையாகவே நடத்திக் காட்டினர். பச்சை விளக்கு எரிந்த பின்னும் நகராமல் நிற்க ஒரு காரை ஏற்பாடு செய்தார்கள். சிலமுறை அது புத்தம்புதிய விலையுயர்ந்த கிரைஸ்லர். சிலமுறை பழைய, மங்கிய, மலிவான கார். பழைய காருக்குப் பின்னால் நின்றவர்களில் 84 விழுக்காட்டினர் 12 நொடிகளுக்குள் ஹாரன் அடித்தார்கள். கிரைஸ்லருக்குப் பின்னால் நின்றவர்களில் 50 விழுக்காட்டினரே அடித்தார்கள். பழைய காரின் பின்புறத்தை இருவர் தங்கள் வண்டியால் இடித்தே விட்டார்கள்.

அந்த ஆய்வில் இன்னொரு பகுதியும் உண்டு. இத்தகைய சூழலில் என்ன செய்வீர்கள் என்று மாணவர்களிடம் தனியாகக் கேட்கப்பட்டது. பணக்காரக் காரைப் பார்த்தே விரைவாக ஹாரன் அடிப்போம் என்று ஆண் மாணவர்கள் எழுதிக் கொடுத்தார்கள். சாலையில் நடந்ததோ நேர்மாறானது. தாளில் அனைவரும் வீரர்கள்; சாலையில் செல்வத்தின் முன் தலை தாழ்கிறது. தாழ்ந்ததை அவர்களே உணர்வதில்லை என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி.

ஏறத்தாழ நாற்பதாண்டுகளுக்குப் பின், 2012இல், அதே கலிஃபோர்னியாவில் மறுபக்கத்தை வேறு ஆய்வாளர்கள் பார்த்தார்கள். பாதசாரி கடக்கும் கோட்டில் ஒருவர் நிற்கும்போது எந்தக் கார் நின்று வழிவிடுகிறது என்று எண்ணினார்கள். மிக மலிவான கார்களில் வந்தவர்கள் அனைவரும் நின்றார்கள். மிக விலையுயர்ந்த கார்களில் வந்தவர்களில் ஏறத்தாழப் பாதிப்பேர் நிற்காமல் சென்றார்கள். இவை சிறிய ஆய்வுகளே; இவற்றைக் கொண்டு உலகத்தையே அளந்துவிட முடியாது. ஆனால் இரண்டையும் சேர்த்து வைத்தால் ஒரு சுற்று முழுமை பெறுகிறது. வழிவிடப் பழகிய கூட்டமும், வழி தனக்கே உரியது என்று பழகிய சிறுபான்மையும் ஒன்றையொன்று வளர்க்கின்றன.

உளவியலாளர்கள் இதை “மனப்பான்மை” என்று பெயரிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள். நாம் அங்கே நிறுத்த இயலாது. பின்னால் நிற்பவருக்கு எஸ்யூவியின் உள்ளே யார் இருக்கிறார் என்று தெரியாது. கறுத்த கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவர் அமைச்சரின் மகனாக இருக்கலாம். மாதத் தவணை கட்ட முடியாமல் தவிக்கும் சிறு வணிகராகவும் இருக்கலாம். அவர் வணங்குவது தகரத்துக்கு. மனிதர்களுக்கு இடையிலான உறவு, பொருள்களுக்கு இடையிலான உறவாகத் தோற்றம் கொள்வதை மார்க்ஸ் ‘மூலதனம்’ நூலின் முதல் தொகுதியில் விளக்கினார். அந்தப் பண்ட வழிபாட்டைக் காண நூலகத்துக்குப் போக வேண்டியதில்லை. சிக்னலில் நின்றால் போதும். ஆயினும் அந்த வணக்கம் வெறும் மயக்கமன்று. அதற்கு அடியில் நியாயமான ஓர் அச்சம் இருக்கிறது. அந்த அச்சத்தை உண்டாக்கியது இந்த அரசும், இந்தக் காவல்துறையும், இந்த நீதிமன்ற நடைமுறையும்தான்.

1999 ஜனவரி 10 அதிகாலை. தில்லி லோதி காலனியில் ஒரு பிஎம்டபிள்யூ கார் ஆறு பேர்மீது ஏறியது. இறந்த ஆறு பேரில் மூவர் காவலர்கள். சீருடையில் இருந்தவர்களையே கொன்ற வழக்கில் நீதி விரைந்து வந்திருக்க வேண்டும். நடந்தது என்ன? சாட்சிகள் பிறழ்ந்தார்கள். இடித்தது காரே அல்ல, லாரி என்ற கதை நீதிமன்றத்தில் ஏறியது. முக்கிய சாட்சியை வளைக்க நடந்த பேரத்தை 2007இல் ஒரு தொலைக்காட்சி படம் பிடித்துக் காட்டியது. எதிர்த்தரப்பின் மூத்த வழக்கறிஞர் நீதிமன்ற அவமதிப்புக் குற்றவாளி என்பதை 2009இல் உச்ச நீதிமன்றம் உறுதி செய்தது. பதின்மூன்று ஆண்டுகளுக்குப் பின், 2012இல், கொலைக்குற்றம் ஆகாத மரணம் விளைவித்தல் என்ற குற்றத்தை உச்ச நீதிமன்றம் நிலைநாட்டியது. தண்டனை? ஏற்கெனவே சிறையில் இருந்த இரண்டாண்டுக் காலம் போதும். 50 லட்சம் ரூபாய் கட்ட வேண்டும். இரண்டாண்டுகள் சமூகத் தொண்டு செய்ய வேண்டும். ஆறு உயிர்களின் கணக்கு அத்துடன் முடிந்தது.

“இடித்தது லாரி” என்ற அந்தப் பொய்யைக் கவனியுங்கள். பழியைத் தாங்க ஒரு வண்டி தேவைப்பட்டபோது, அவர்களின் நினைவுக்கு வந்தது உழைப்பாளியின் வண்டி.

கால் நூற்றாண்டு கழித்து, 2024 மே 19 அதிகாலை. புணே கல்யாணி நகரில், பதிவு முடியாத ஒரு போர்ஷே கார் மோட்டார் சைக்கிளில் சென்ற இரு இளம் பொறியாளர்களைக் கொன்றது. ஓட்டியவர் பதினேழு வயதுச் சிறுவன் என்கிறது வழக்கு. அன்றைய பொழுது முடிவதற்குள் பிணை கிடைத்தது. சாலை விபத்துகள் பற்றி 300 சொற்களில் கட்டுரை எழுத வேண்டும் என்பது நிபந்தனைகளில் ஒன்று. நாடு கொதித்தெழுந்த பிறகே அந்த உத்தரவு மாற்றப்பட்டது. இரத்த மாதிரியை மாற்றிவிட்டதாக அரசு மருத்துவமனையின் மருத்துவர்கள் கைது செய்யப்பட்டார்கள். அடுத்த இரண்டு மாதங்களுக்குள், ஜூலை 7 அன்று, மும்பை வொர்லியில் ஸ்கூட்டரில் கணவருடன் சென்ற ஒரு பெண்ணை மோதி இழுத்துச் சென்றது மற்றொரு பிஎம்டபிள்யூ. குற்றம் சாட்டப்பட்டவர் ஆளும் கூட்டணிக் கட்சியின் உள்ளூர்த் தலைவர் ஒருவரின் மகன்.

இவற்றையெல்லாம் விபத்துகளின் வரிசையில் வைக்கலாம் என்று வாதிடுவோர் 2021 அக்டோபர் 3 அன்று லக்கிம்பூர் கேரியில் நிகழ்ந்ததை எந்த வரிசையில் வைப்பார்கள்? வேளாண் சட்டங்களை எதிர்த்துக் கறுப்புக் கொடியுடன் திரும்பிக்கொண்டிருந்த விவசாயிகள்மீது வாகனங்கள் ஏறின. நான்கு விவசாயிகளும் ஒரு பத்திரிகையாளரும் உட்பட எட்டுப் பேர் அன்று உயிரிழந்தார்கள். முன்னால் வந்த தார் வண்டி அன்றைய ஒன்றிய உள்துறை இணை அமைச்சரின் குடும்பத்துக்கு உரியது. முதன்மைக் குற்றவாளியாகச் சேர்க்கப்பட்டவர் அவருடைய மகன். அமைச்சரோ 2024 தேர்தலில் தொகுதி மக்கள் தோற்கடிக்கும் வரை பதவியில் நீடித்தார். சாலையில் வண்டிக்கு வழிவிடாதவனின் கதி என்ன என்பதை அந்தக் காணொளி நாட்டுக்கே காட்டியது. சிக்னலில் மௌனமாக ஒதுங்குபவர் கோழையல்லர். அவர் செய்தித்தாள் படிப்பவர்.

ஆட்சியாளர்கள் இதற்கு ஒரு மருந்தும் கொடுத்தார்கள். சிவப்புச் சுழல்விளக்குப் பழக்கத்தை 2013 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் கடுமையாகச் சாடியது. 2017 மே 1 முதல் சுழல்விளக்குகளை ஒன்றிய அரசு நீக்கியது. ஒவ்வோர் இந்தியரும் விஐபி என்று பிரதமர் பெருமிதம் கொண்டார். விளக்கு இறங்கியது உண்மை. அதிகாரம் இறங்கவில்லை. விளக்கு செய்த வேலையை இப்போது வண்டியின் உயரம் செய்கிறது. முகப்பில் கட்டிய கட்சிக்கொடி செய்கிறது. ஏலத்தில் லட்சங்கள் கொடுத்து வாங்கிய ஒற்றை இலக்கப் பதிவெண் செய்கிறது. வட மாநிலங்களில் பின்கண்ணாடியில் பெரிய எழுத்தில் ஒட்டப்படும் சாதிப் பெயர் செய்கிறது. கண்ணாடியில் கறுப்புப் படலம் ஒட்டக்கூடாதென 2012இல் உச்ச நீதிமன்றம் தடை விதித்தது. அந்தத் தடை யாருடைய வண்டியில் அமலாகிறது என்பதைச் சாலையில் நிற்கும் எந்தக் காவலரும் அறிவார். முன்பு மரியாதை பதவியுடன் வந்தது. இன்று அது ஷோரூமில் விற்பனைக்கு வந்திருக்கிறது. இதைத்தான் ஜனநாயகமயம் என்கிறார்கள்.

ஆனால் காசு கொடுத்தாலும் எல்லோருக்கும் அந்த மரியாதை கிடைப்பதில்லை. 2025 பிப்ரவரியில், தமிழ்நாட்டின் சிவகங்கை மாவட்டத்தில், ஒரு தலித் கல்லூரி மாணவரின் கைகள் வெட்டப்பட்டன. அவர் புல்லட் ஓட்டியதைப் பொறுக்காமல் ஆதிக்கச் சாதியினர் தாக்கினார்கள் என்று குடும்பத்தார் குற்றம் சாட்டினர். குதிரையில் ஏறிய தலித் மணமகன் தாக்கப்படுவது ராஜஸ்தானிலும் குஜராத்திலும் மத்தியப்பிரதேசத்திலும் மீண்டும் மீண்டும் நிகழ்கிறது. வண்டிக்குக் கிடைக்கும் மரியாதை, ஒருவர் தமக்கு “உரிய இடத்தில்” இருக்கும்வரைதான். இடத்தை மீறினால், பெரிய வண்டியே அவருக்குக் குற்றமாகிறது. சந்தை சாதியைக் கரைத்துவிடும் என்று சொல்லும் தாராளமயவாதிகள் அந்த மாணவரின் கைகளைப் பார்த்துவிட்டுப் பேசட்டும்.

இப்போது கணக்குக்கு வருவோம். ஒன்றிய அரசின் சாலைப் போக்குவரத்து அமைச்சகம் தரும் விவரப்படி, 2022இல் சாலை விபத்துகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். அவர்களில் 44.5 விழுக்காட்டினர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள்; 19.5 விழுக்காட்டினர் நடந்து சென்றவர்கள். சைக்கிளில் சென்றவர்களையும் சேர்த்தால் இறந்தவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் தங்களைச் சுற்றித் தகரக்கூடு இல்லாதவர்கள். தேசியக் குடும்பநல ஆய்வின் (2019-21) படி இந்நாட்டில் கார் வைத்திருக்கும் குடும்பங்கள் நூற்றுக்கு எட்டு மட்டுமே. ஒரு சிறுபான்மையின் வேகத்துக்காகப் பெரும்பான்மை உயிர்விலை கொடுக்கிறது. இடித்துவிட்டு ஓடிய வண்டி எதுவென்று தெரியாவிட்டால், இறந்தவரின் குடும்பத்துக்கு அரசு தரும் இழப்பீடு 2 லட்சம் ரூபாய். 2022 ஏப்ரல் வரை அது 25,000 ரூபாயாகவே இருந்தது.

சட்டத்தைக் கடுமையாக்கினால் போதும் என்பார்கள். கடுமையாக்கினார்கள், யார்மீது? இடித்துவிட்டுத் தகவல் தராமல் சென்றால் பத்தாண்டுவரை சிறை என்று புதிய நியாய சம்ஹிதாவின் 106(2) பிரிவு சொன்னது. 2024 ஜனவரியின் முதல் நாள்களிலேயே நாடெங்கும் லாரி ஓட்டுநர்கள் வண்டிகளை நிறுத்தினார்கள். அவர்கள் கேட்ட கேள்வி எளியது: விபத்து நடந்த இடத்தில் நின்றால் கூட்டம் எங்களை அடித்தே கொல்லும்; நகர்ந்தால் பத்தாண்டுச் சிறை; நாங்கள் என்ன செய்வது? போர்ஷேயில் வந்தவரின் குடும்பத்துக்கு வழக்கறிஞரும் மருத்துவரும் கிடைப்பார்கள். ஊர் தெரியாத நெடுஞ்சாலையில், மொழி தெரியாத கூட்டத்தின் நடுவே நிற்கும் லாரி ஓட்டுநருக்கு யார் கிடைப்பார்? வேலைநிறுத்தத்தின் வலிமையால் அரசு அந்தப் பிரிவை நிறுத்திவைத்தது. ஓட்டுநரின் வேலைநேரம் நாளுக்கு 8 மணி, வாரத்துக்கு 48 மணி என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் கூறியது. அந்தச் சட்டத்தை அமல்படுத்த இதே வேகத்தை எந்த அரசாவது காட்டியதுண்டா?

பெரிய காரை ஓட்டுபவரே பல நேரங்களில் கூலித் தொழிலாளி என்பதையும் மறக்கலாகாது. சக்கரத்தைப் பிடித்திருக்கும்வரை அவருக்கும் வழி கிடைக்கிறது. காவலரும் “சாப்” என்கிறார். கதவைத் திறந்து இறங்கிய கணத்தில் அவர் வாகன நிறுத்துமிடத்தில் நள்ளிரவுவரை காத்திருக்கும், ஹோட்டலின் கழிப்பறைக்குள் விடப்படாத ஓர் ஆள். மரியாதை வண்டிக்கு உரியது, அவருக்கு உரியதன்று என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

சாலையில் மனிதர்கள் நடந்துகொள்ளும் முறை, சாலை யாருக்காகப் போடப்பட்டது என்பதிலிருந்தே பிறக்கிறது. தில்லியில் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்கு 2008இல் பேருந்துகளுக்குத் தனித்தடம் அமைத்தார்கள். பேருந்தில் செல்லும் தொழிலாளி காரைத் தாண்டிச் செல்லும் காட்சியை நகரின் மேட்டுக்குடி முதன்முறையாகக் கண்டது. பொறுக்க முடியவில்லை. வழக்குத் தொடுத்தார்கள். காரில் செல்வோரே செல்வத்தைப் படைப்பவர்கள், அவர்களின் நேரம் விலைமதிப்பற்றது என்று கூச்சமின்றி வாதிட்டார்கள். கட்டடத்தை எழுப்புபவரும், ஆலையில் எந்திரத்தை இயக்குபவரும், வீட்டைப் பெருக்குபவரும் பேருந்தில்தான் வந்தார்கள். அவர்கள் செல்வத்தைப் படைக்கவில்லையாம். 2012 அக்டோபரில் தில்லி உயர் நீதிமன்றம் அந்த மனுவைத் தள்ளுபடி செய்தது. ஆனால் நீதிமன்றத்தில் தோற்றவர்கள் அரசியலில் வென்றார்கள்: 2016இல் அந்தத் தடம் இடித்துத் தள்ளப்பட்டது.

மும்பையைப் பாருங்கள். சுமார் 14,000 கோடி ரூபாய் பொதுப்பணத்தில் கடலோரச் சாலை கட்டி, 2024 மார்ச்சில் முதல் பகுதியைத் திறந்தார்கள். இருசக்கர வாகனத்துக்கும் ஆட்டோவுக்கும் அதில் இடமில்லை. மறுபக்கம், 2025 மே மாதத்தில், அதே மாநகரின் ‘பெஸ்ட்’ பேருந்தில் குறைந்தபட்சக் கட்டணம் 5 ரூபாயிலிருந்து 10 ரூபாயாக உயர்ந்தது. யார் முன்னே, யார் பின்னே என்று அரசே கான்கிரீட்டில் எழுதி வைத்த பிறகு, குடிமகன் சிக்னலில் வேறுவிதமாக நடந்துகொள்வான் என்று எதிர்பார்ப்பது எப்படி?

ஒரு மறுப்பு எழும். அது நேர்மையான மறுப்பே. இருபதாண்டு உழைத்துச் சேமித்து ஒரு கார் வாங்கும் ஆசிரியரையும் வங்கி ஊழியரையும் நீங்கள் பகைக்கிறீர்களா என்று கேட்கலாம். இல்லை. நம்பத்தகுந்த பேருந்து இல்லாத ஊரில், மழையில் நனையாமல் குழந்தையைப் பள்ளிக்கு அழைத்துச் செல்ல அவர் கார் வாங்குகிறார். சிறிய காரில் சென்றால் பெரிய கார்கள் நெருக்குகின்றன. எனவே அடுத்த முறை கடனை ஏற்றிக்கொண்டு பெரிய காராக வாங்குகிறார். இன்று விற்பனையாகும் பயணிகள் வாகனங்களில் பாதிக்கும் மேற்பட்டவை எஸ்யூவி போன்ற பெரிய வகைகளே. ஆயுதப் போட்டியின் தர்க்கம் இது. இதில் வெல்பவர்கள் கார் நிறுவனங்களும் கடன் தரும் நிதி நிறுவனங்களும். அந்த நடுத்தர வர்க்க நண்பரிடம் நாம் கேட்பது ஒன்றுதான்: பெரிய வண்டி உங்களை நெருக்கும்போது வரும் கோபத்தை, சைக்கிளில் செல்பவர்மீது ஹாரனாக இறக்காதீர்கள். உங்களை நெருக்கியவர் முன்னால் போய்க்கொண்டிருக்கிறார். சைக்கிள்காரர் உங்கள் பக்கத்தில் இருப்பவர்.

ஆகவே நமது கோரிக்கை நல்லொழுக்க வகுப்பன்று. ஒவ்வொரு மாநகரிலும் பேருந்துகளின் எண்ணிக்கையைப் பெருக்க வேண்டும். அவை அரசின் உடைமையாகவும், நிரந்தரத் தொழிலாளர்களைக் கொண்டவையாகவும் இருக்க வேண்டும். பேருந்துக்குத் தனித்தடம் வேண்டும். தில்லியிலும் தமிழ்நாட்டிலும் கர்நாடகத்திலும் பெண்களுக்குக் கிடைத்த கட்டணமில்லாப் பேருந்துப் பயணம் நாடெங்கும் வேண்டும். நடைபாதை என்பது அரசமைப்புச் சட்டத்தின் 21ஆவது உறுப்பு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே கூறியிருக்கிறது. அந்த நடைபாதையை ஒவ்வொரு நகராட்சியிலும் கேட்டுப் பெற வேண்டும். உயிர்ப்பலி நேர்ந்த வழக்குகளில் இரத்த மாதிரியும் கேமரா பதிவும் உள்ளூர்ச் செல்வாக்குக்கு எட்டாத இடத்தில் காக்கப்பட வேண்டும். ஓட்டுநர்களின் எட்டு மணி வேலைநேரம் சட்டப்புத்தகத்திலிருந்து சாலைக்கு இறங்க வேண்டும்.

இவை பெரும் புரட்சிகர முழக்கங்கள் அல்ல. மிகச் சாதாரணமான ஜனநாயகக் கோரிக்கைகள். ஆனால் போராடாமல் இவற்றில் ஒன்றும் கிடைக்காது என்பதைத் தில்லியில் இடிக்கப்பட்ட அந்த 5.8 கிலோமீட்டர் நமக்குக் கற்பித்திருக்கிறது. 2024 ஜனவரியில் சாவியைத் திருப்பி எந்திரத்தை நிறுத்திய லாரி ஓட்டுநர்கள் மற்றொன்றையும் கற்பித்தார்கள். ஒவ்வொரு நாளும் யார் யாருக்கோ வழிவிட்டு ஒதுங்கிய அவர்கள், ஒன்றாகச் சேர்ந்து நின்ற அந்த ஓரிரு நாள்களில் ஒன்றிய அரசே ஒதுங்கி வழிவிட்டது.